உச்சி வெயிலில் கூப்பிட்ட மோட்டார்

ஸ்டியரிங்கின் நடுவில் வைத்திருந்த சந்தனப் பொட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அது எப்படி ஈரமாக இருக்க முடியும்? அந்தக் காரின் சொந்தக்காரர் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று பூட்டிய கார் கொட்டகையை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. சாவி, இறந்தவருடைய தம்பியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. எனக்காகத்தான் முதல் தடவையாகப் பூட்டைத் திறந்தார்கள். திறந்தவர்களும் உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

"நீ பாரு. நாங்க இந்தா வேப்பமரத்தடியில இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

விரலை மூக்கருகே கொண்டுபோனேன். அன்று காலையில் அரைத்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம் கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

மேலே தகரக் கூரை. வெளியே சித்திரை வெயில். உள்ளே அனல் காந்தியது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"இத்தனை வாரம் ஒயரும் பேட்டரியுமாக எழுதுகிறீரே, பேய் அனுபவம் ஒன்றும் கிடையாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு ஐயா. எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். பேய்க்குப் பயந்து இல்லை. பேய்க்கு நான் பயப்படுகிற ஆள்தான், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. இதில் என்னை வெட்கப்படவைக்கிற விஷயம் வேறு.

சாமான் இல்லாத காலம்

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மதுரை தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் எனக்கு எலெக்ட்ரிக் வேலை. சீமையிலிருந்து சாமான் வருவது அடியோடு நின்றுவிட்டது. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடிய பஸ்கள், மேடு வந்தால் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் ஏறும்.

முன்பெல்லாம் ஒரு சுவிட்சு கெட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவோம். யுத்தத்தில் அந்தச் சுகம் போயிற்று. தேய்ந்த சுவிட்சைப் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய குடத்தின் அடித் தகட்டை வெட்டி நாக்கு செய்து, கடிகாரச் சுருளை வில்லாகப் போட்டு, மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. பேர் இருந்தால் திமிரும் இருக்கும். "சுப்பையா கை வச்ச சுவிட்சு செத்தாலும் அணையாது" என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருநாள் ஓர் ஆள் பட்டறைக்கு வந்தார்.

"ஹாரன் தானா அடிக்குதுண்ணே. ஆளே கெடையாது. தெனமும் உச்சிப் பொழுதுக்கு ரெண்டு தடவ அடிச்சுட்டு நின்னுருது" என்றார்.

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. எங்கள் பக்கத்தில் நடுராத்திரியைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். உச்சிப் பொழுதில் மட்டும் ஒற்றைப் புளியமரத்தடியில் நிற்க மாட்டார்கள். நிழல் காலடிக்குள் சுருங்கும் நேரத்தில்தான் மற்றதெல்லாம் நடமாடும் என்று நம்பிக்கை.

எந்தக் கார் என்று கேட்டேன். அவர் சொன்னார். அந்தக் காரை எனக்குத் தெரியும். அதன் டிரைவர் முத்திருளன் என் சிநேகிதன்.

ஓடைப் பாலம்

நடந்தது இதுதான். முத்திருளனின் முதலாளி நிறையப் பருத்திக்காடு வைத்திருந்த சம்சாரி. திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார்கள். காரில் முதலாளியும் டிரைவரும் மட்டும். பொழுது அடைந்து, ஊருக்கு முந்தின ஓடைப் பாலத்துத் திருப்பத்தில், முன் விளக்கு இரண்டும் ஒரே சமயத்தில் அணைந்தன. கார் பாலத்தை விட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கியது. முதலாளி அங்கேயே போய்விட்டார். முத்திருளனுக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது.

"லைட்டு தானா அணைஞ்சுபோச்சு" என்றான் அவன். யாரும் நம்பவில்லை. அவன் வாயில் கள் வாடை இருந்தது. போதாததற்கு, மறுநாள் காலையில் எட்டு மாடு பூட்டி வண்டியைக் கரையேற்றியபோது யாரோ விளக்குத் திருகைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விளக்கு உடைந்திருந்தது. மற்றது நன்றாக எரிந்தது.

நான் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. பஸ் நின்ற இடத்தில், கையைத் துண்டால் கழுத்தோடு கட்டிக்கொண்டு முத்திருளன் நின்றான். பாதி ஆளாக இளைத்துப்போயிருந்தான்.

"மாப்ள, இன்னைக்குப் பொழுது சாய கருப்பு கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிட்டாய்ங்க" என்றான்.

எங்கள் ஊர்களில் கோர்ட்டுக்கு மேலே ஒரு கோர்ட்டு அது. சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள்.

"பண்ண வேண்டியதுதானடா. லைட்டு தானா அணைஞ்சது நெசந்தான?"

"அது நெசந்தான் மாப்ள. ஆனா ‘குடிக்கல, லைட்டும் தானா அணைஞ்சுச்சு’ன்னு ரெண்டையும் சேத்துச் சொல்லணுமாம். மத்தியானம் கல்யாண வீட்ல ஒரு கலயம் குடிச்சேன். வண்டி எடுக்கும்போது எல்லாம் எறங்கிப்போச்சு. ஆனாலும் குடிக்கலன்னு கருப்பு முன்னாடி எப்பிடிச் சொல்லுவேன்? எனக்கு ஒரு பய இருக்கான்ல."

"பண்ணலேன்னா?"

"இருக்குற இன்னொரு கையையும் ஒடிச்சு ஊர விட்டு வெரட்டிருவாக. சின்ன மொதலாளி சொல்லிட்டாரு." பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னான். "பெரிய மொதலாளி உசுரோட இருக்கையில ரெண்டு ஹாரன் அடிச்சா ‘முத்திருளா, வா’ன்னு அர்த்தம். இப்பவும் ரெண்டுதான் அடிக்குது. என்னையத்தான் கூப்புடுறாருன்னு ஊரே சொல்லுது. நானும் வீட்டுக்குள்ள காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன் மாப்ள."

"போடா கூறுகெட்டவனே. கூப்பிடுறது கோளாறுடா, முதலாளி இல்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்!

கொட்டகைக்குள்

அந்தத் தைரியம் ஈரச் சந்தனத்தைத் தொட்டவுடன் போய்விட்டது.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன் கண்ணாடி சிலந்தி வலையாக விரிசல் விட்டிருந்தது. கல்யாண வீட்டில் போட்ட மாலை ஒன்று பின் சீட்டில் கருகிக் கிடந்தது. முதலாளி உட்கார்ந்த இடத்தில் தோல் இன்னும் கொஞ்சம் பள்ளமாகவே இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

எந்த வண்டியிலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவது என் பழக்கம். இறங்கி, கழற்றி, ஓரமாக வளைத்து வைத்துவிட்டு வந்தேன். பிறகு திருப்புளியை எடுத்தேன்.

அந்தக் காலத்துச் சில அமெரிக்க வண்டிகளில் ஸ்டியரிங் நடுவில் ஹாரன் பொத்தான் இருக்கும். அதைச் சுற்றி விளக்குத் திருகு. இரண்டுக்கும் ஒரே வீடு. பொத்தானை நெம்பினேன். வரவில்லை. பாதி அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல எடுத்தபோது உள்ளே இருந்ததைப் பார்த்தேன்.

சந்தனமும் குங்குமமும்தான். மஞ்சளும் சிவப்புமாக, அடுக்கடுக்காக, வெள்ளிக்கிழமைக்கு ஒரு படலமாக இறங்கிச் சுவர்க் காரை போல் இறுகிப்போயிருந்தது. விளக்குக்குக் கரண்டு கொண்டுபோகும் பித்தளை நாக்கு அந்தக் காரையின் விளிம்பில் நின்றது. வண்டி குலுங்கினால் நாக்கு காரை மேல் ஏறும், விளக்கு அணையும். மறுபடி குலுங்கினால் இறங்கும், விளக்கு எரியும். மாடு கட்டி இழுத்த குலுக்கலில் இறங்கியிருக்கிறது. ஹாரன் கதையும் அதுதான். பொத்தான் பாதி அழுந்தி நிற்க, உச்சி வெயிலில் தகரக் கொட்டகை காய்ந்து, உள்ளே பித்தளை ஒரு மயிரிழை விரிந்தால் போதும்.

முத்திருளன் சொன்னது அத்தனையும் நிஜம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அழிக்கக்கூடாத பொட்டு

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஏருக்குப் பொட்டு வைப்பார்கள், தராசுக்கு வைப்பார்கள், தையல் மிஷினுக்கு வைப்பார்கள். மோட்டார் வந்தபோது அதற்கும் வைத்தார்கள். எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் விளக்குக்கு மேலே வைப்பார்கள். தெரிந்தவர்கள் ஸ்டியரிங் நடுவில் வைப்பார்கள். பார்த்தால் அதுதான் வண்டியின் நெற்றி மாதிரி இருக்கும். எத்தனையோ பொத்தான்களில் நான் சந்தனம் சுரண்டியிருக்கிறேன். சுரண்டும்போது சொந்தக்காரர் பார்க்காமல் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

இந்தக் கார், விபத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஹாரன் மந்தமாக அடிக்கிறது என்றார்கள். அன்றும் வெள்ளிக்கிழமை. முதலாளி கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவருடைய சம்சாரம் காமாட்சியம்மா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய நெற்றியில் பெரிய பொட்டு.

நான் பொத்தானைத் திறந்தேன். உள்ளே பாதிக்கு மேல் சந்தனம் இறங்கியிருந்தது. துணியை எடுத்தேன்.

"தம்பி, அத அழிச்சிராத" என்றார் அந்த அம்மாள். "வெள்ளிக்கெழம. அவுக ஏறிப் போற வண்டி. நானே கையால வச்ச பொட்டு."

சுமங்கலி ஒருத்தி புருஷனுக்காக வைத்த பொட்டை, அவள் கண் முன்னால், வெள்ளிக்கிழமையில் எவன் துடைப்பான்? எங்கள் ஊரில் பொட்டை அழிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "சரிம்மா" என்றேன். ஓரத்தில் கொஞ்சம் நெம்பிவிட்டேன். ஹாரன் அடித்தது. மூடிவிட்டேன்.

அது விளக்கையும் அணைக்கும் என்று எனக்கு அன்றே தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். அடுத்த தடவை வேறு கிழமையில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த தடவை வரவே இல்லை.

"அவுகதான்"

கொட்டகையில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தேன். கட்டி கட்டியாக வந்தது. மடியில் விரித்திருந்த துணியில் போட்டுக்கொண்டே இருந்தேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பொத்தானைக் கழற்றி ஒரு கையில் வைத்திருக்கிறேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஹாரன் அடித்தது.

ஒரு தடவை. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை.

பேட்டரி ஒயரை நான் கழற்றி வைத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். கழற்றித்தான் இருந்தது. வைத்த இடத்தில் நுனி எங்காவது உரசியிருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"அவுகதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திருப்புளி கையிலிருந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் ஒரு சின்னத் திட்டிவாசல் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அதில் காமாட்சியம்மா நின்றார். வெள்ளைச் சேலை. அந்தப் பெரிய நெற்றியில் ஒன்றும் இல்லை. எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"உச்சிக்குக் கூப்புடுவாக. வாரேன்னு வந்து இங்கன நிப்பேன். வெள்ளிக்கெழம மட்டும் பொட்டு வச்சிட்டுப் போவேன். எனக்குத்தான வைக்கக் கூடாது? வண்டிக்கு வைக்கலாம்ல தம்பி?"

"வைக்கலாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"என்ன கோளாறு?"

"சுவிட்சு தேஞ்சுபோச்சும்மா. பழசு."

அவர் பார்வை என் மடியில் கிடந்த துணிக்குப் போனது.

"தேஞ்சா இதா வரும்?"

துணியின் ஓரத்தை இழுத்து மூடினேன்.

"லைட்டும் இதுக்குள்ளதான இருக்கு?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். அழவில்லை, உட்காரவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கூரைத் தகரம் வெயிலில் படீர் படீர் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"அதக் கீழ கொட்டிராத. கால் படாத எடத்துல போடணும். குடு" என்றார்.

துணியை மடித்து மட்கார்டின் மேல் வைத்தேன். எடுத்துக்கொண்டார். திட்டிவாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"அன்னைக்கு மதுரையில நீ தொடைக்கத்தான் போன."

பொழுது சாயும் நேரம்

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் இறந்தவருடைய தம்பி, அதாவது சின்ன முதலாளி, எழுந்து நின்றார். நல்ல கட்டுமஸ்தான ஆள். பின்னால் நாலைந்து பேர்.

"இனி ஹாரன் அடிக்காது" என்றேன்.

"அது சரி. வெளக்கு? தானா அணையுமா?"

"சுவிட்சு பழசு. அணையலாம்."

"அணையலாமா? நாலு மாசம் முந்தி நீதானய்யா அதத் தொறந்து பாத்த? அப்ப கெட்டிருந்துச்சா?"

அவர் கையைப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் கையையும் பார்த்தேன்.

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

இதுதான் நான் சொல்லவந்தது. அந்த ஒரு வாக்கியத்தோடு முத்திருளனுக்கு மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிட்டேன். அந்த அம்மாளின் மனசு நோகக் கூடாது என்று மறைத்ததாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. என் கை ஒடியக் கூடாது என்றுதான் மறைத்தேன்.

கருப்பு கோயில் என்பது ஒரு வேலும் இரண்டு அரிவாளும்தான். சுற்றிலும் கருவேலங்காடு. ஊரே கூடியிருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை. முத்திருளன் குளித்த ஈர வேட்டியோடு வந்து நின்றான். பூசாரி சூடத்தை வைத்துக் கொளுத்தினார். நான் கூட்டத்தின் பின் வரிசையில் இருந்தேன்.

"சொல்லுடா" என்றார் சின்ன முதலாளி.

"லைட்டு தானா அணைஞ்சுச்சு சாமி" என்றான்.

"மொதல்ல சொல்ல வேண்டியதச் சொல்லு. குடிக்கலன்னு சொல்லு."

அவன் அரிவாள்களை நிமிர்ந்து பார்த்தான். நல்ல கையைச் சூடத்துக்கு மேலே நீட்டினான். இழுத்துக்கொண்டான். கூட்டம் உறுமியது. யாரோ, "பாத்தியா, பாத்தியா" என்றார்கள். இப்போது சொல்லிவிடலாம், ஓர் அடி முன்னால் வைத்தால் போதும் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அப்போது கூட்டம் விலகியது. தாலி அறுத்த பெண் வருஷம் திரும்பும்வரை வாசல் தாண்டக் கூடாது. காமாட்சியம்மா நடந்து வந்தார். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பயந்துதான் விலகினார்கள்.

மடித்த துணியைச் சூடத்தின் பக்கத்தில் பிரித்து வைத்தார். மஞ்சளும் சிவப்புமாக அந்தக் கட்டிகள் வெளிச்சத்தில் தெரிந்தன.

"வெளக்க அணைச்சது இவன் இல்ல. அவன் குடிச்சானோ குடிக்கலயோ, கருப்புக்குத் தெரியும். வெள்ளி தவறாம நான் வச்ச பொட்டு உள்ள எறங்கி அணைச்சிருக்கு. இந்தக் கை" என்று சொல்லி, உள்ளங்கையை விரித்துச் சூடத்தின் மேல் அடித்தார்.

இருட்டாகிவிட்டது. கை கருகின வாடையும் சூட வாடையும் மட்டும் இருந்தன.

திறந்து பார்த்துவிட்டு மூடினவன் ஒருத்தன் அங்கே நிற்கிறான் என்பதை அவர் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும்.

முத்திருளன் அவர் காலடியில் விழுந்து கிடந்தான். "எந்திரி முத்திருளா" என்றார். "இருட்டிருச்சு. எனக்குப் பாதை தெரியல. நீ முன்னால நட."

அவன் எழுந்து முன்னால் நடந்தான். அவர் பின்னால் போனார். என்னைத் தாண்டும்போது அவன், "வாரேன் மாப்ள" என்றான். நான் செய்தது அன்றும் அவனுக்குத் தெரியாது, சாகும்வரையும் தெரியாது. மதுரைக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போக மாட்டான். நானும் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அவனுடைய பையன் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். அப்பா குடித்துவிட்டு முதலாளியைக் கொன்றவர் என்று அந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் சொல்கிறார்களாம்.

தம்பி, உங்கள் அப்பா குடித்ததால் அந்த விளக்கு அணையவில்லை. அந்த அம்மாள் பொட்டு வைத்ததாலும் இல்லை. நான் துடைக்காததால் அணைந்தது.